வாளியில் ஒரு கைப்பிடிப் பாசி

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மிச்சிகனில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் ஏரிப் படகுத்துறையில், பெற்ற மகளே என் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டாள்.

மகள் பெயர் கயல். வயது பதினாறு. கோடை விடுமுறைக்கு டவுன்ஷிப்பில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. டவுன்ஷிப் என்றால் நம்மூர்ப் பேரூராட்சி மாதிரி. ஏரிக்குள் இறங்கும் ஒவ்வொரு படகையும் பார்த்து, வேறு ஏரியின் செடியோ சேறோ ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காக ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் என் பெண் துறைமுகத்து வாசலில் நிற்கும் காவலர் போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

நான் காலையில் பக்கத்து ஊர் ஏரியில் மீன் பிடித்துவிட்டு, மாலையில் இங்கேயும் கொஞ்ச நேரம் தூண்டில் போடலாம் என்று எங்கள் சின்ன அலுமினியப் படகை வண்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தேன். கயல் படகைச் சுற்றி வந்தாள். பிறகு வாளியைக் காட்டி, "அம்மா, அதைத் திற" என்றாள் ஆங்கிலத்தில். மேலே ஈரச் சாக்கு. சாக்குக்குக் கீழே ஒரு கைப்பிடிப் பாசி. பாசிக்குக் கீழே மீன்.

அவள் பாசியை எடுத்து உள்ளங்கையில் விரித்தாள். பச்சைச் சரங்களின் நடுவில் ஜவ்வரிசி அளவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். முனை முனையாக, குழந்தை வரைந்த நட்சத்திரம் போல இருந்தது. கயலின் முகம் வெளுத்துவிட்டது.

"இதை எங்கிருந்து எடுத்தாய்?"

"மீனு காயாம இருக்க மேல போட்டேன். இன்னா இப்ப?"

பாசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். "நீ உள்ளே போக முடியாது. வீட்டுக்குப் போய்ப் படகைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவு. நல்லாக் காயணும். காய்ந்த பிறகுதான் வரணும்" என்றாள். மற்றவர்களிடம் சொல்கிற அதே குரல். நான் வண்டியைத் திருப்பும்போது, எனக்குப் பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒருவர் கைபேசியில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஹெரால்ட். ஏரிக்கரையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர்.

2

எண்ணூரில் எங்கள் குப்பத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிடித்த நண்டையும் எறாவையும் ஈரப் பாசி போட்டு மூட வேண்டும் என்று. வெயில் பட்டால் நண்டு சாகும், செத்த நண்டுக்கு விலை கிடையாது. படகையும் காயவிடக் கூடாது. எங்கள் அப்பாவுடையது மரப்படகு. காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விட்டுவிடும் என்று அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். இப்போது அங்கேயும் எல்லாம் ஃபைபர் படகு. ஆனாலும் கை பழகியதை விடுவதில்லை. பாசி கண்ணில் பட்டால் என் கை தானாக ஒரு பிடி அள்ளிவிடும்.

இங்கே சட்டம் நேர் எதிர். கழுவு, வடி, காயவை. படகுத்துறைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பல வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்திருக்கிறேன். அது பெரிய படகு வைத்திருக்கும் பணக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்தேனே தவிர, என் மீன் வாளிக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

அந்தப் பாசியின் பெயரை வீட்டுக்கு வந்ததும் கயல் சொன்னாள். தமிழில் சொன்னால் நட்சத்திரக் கல்பாசி என்று வரும். கல்பாசி என்றால் நமக்குப் பிரியாணியில் போடுவது, இது அதுவல்ல. பார்க்கச் செடி மாதிரி இருக்கும், ஆனால் செடி இல்லை, பாசி இனம். வேர் கிடையாது. மெல்லிய நூல்களால் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பிறந்தது. கப்பல்கள் பாரத்துக்காக அடித்தட்டில் நிரப்பிக்கொண்டு வந்து இங்கே கொட்டிய தண்ணீரில் வந்திறங்கியது என்கிறார்கள். இந்தக் கண்டத்தில் இருப்பதெல்லாம் ஆண் மட்டும்தானாம். பெண்ணே இல்லாமல், விதையே இல்லாமல், ஒரு துண்டு ஒடிந்து விழுந்தால் போதும், அந்த வெள்ளை நட்சத்திரம் ஒன்று சேற்றில் புதைந்தால் போதும், மறு வருடம் அங்கே ஒரு புதர். வாளியிலிருந்து நான் அதை ஏரியில் கொட்டியிருப்பேன். மீனை எடுத்துவிட்டுப் பாசியைத் தண்ணீரில் உதறுவதும் எங்கள் பழக்கம்தான்.

3

இரண்டு நாளில் ஹெரால்ட் எடுத்த படம் ஊரில் எல்லோருடைய கைபேசிக்கும் போய்விட்டது. அதன் பின்னாலேயே அவருடைய சங்கத்தின் கோரிக்கையும் வந்தது. பொதுப் படகுத்துறையை மூட வேண்டும், கேட் போட்டுப் பூட்ட வேண்டும், சாவி கரைவாசிகளிடம் மட்டும் இருக்க வேண்டும். வெளியாட்கள் ஏரிக்கு ஆபத்து கொண்டுவருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் டவுன்ஷிப் முடிவெடுக்கும்.

வெளியாட்கள் யார் என்று நானே சொல்கிறேன். ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கும் நாங்கள். கோழிப்பண்ணையில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளோடு வந்து தூண்டில் போடும் லாவோஸ் குடும்பங்கள். பூட்டு விழுந்தால் எங்களில் ஒருவரும் அந்தத் தண்ணீரில் கால் வைக்க முடியாது, ஏனென்றால் ஏரியைச் சுற்றி மற்ற இடமெல்லாம் யாருடைய வீட்டு வாசலாகவோ இருக்கிறது.

எனக்குப் பூட்டு என்றால் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குப்பத்திலிருந்து ஆற்றுக்கு நாலு வழி. ஒன்றின் குறுக்கே குழாய் வந்தது. ஒன்றை மதில் அடைத்தது. ஒன்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து படகு நகராமல் போனது. ஒவ்வொரு முறையும் யாரோ நல்ல சட்டை போட்டவர் வந்து, பாதுகாப்புக்காகத்தான் என்றார். மிச்சம் இருந்த ஒரே வழியில்தான் நான் கல்யாணம் ஆகும்வரை நடந்தேன்.

என் வீட்டுக்காரர் திருவொற்றியூர்க்காரர். இங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வெல்டர். அதே தொழிற்சாலையில்தான் நானும், தரச் சோதனைப் பிரிவில். அவருக்கு எதிலும் பயம்.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? குடியுரிமை பேப்பரு உள்ள கீது. கூட்டத்துல போய்ப் பேசி எதுனா பேஜாராச்சுன்னா?"

"மீனு பிடிச்சதுக்கா பேப்பர நிறுத்துவான்?"

"உனக்குத் தெரியாது. நிறுத்துவான்."

நான் மறுநாள் டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பேச வேண்டுமென்றால் பெயர் கொடுக்க வேண்டும். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். திருப்பிப் படித்தபோது அது வேறு யாருடைய பெயராகவோ இருந்தது. மறுபடி சொன்னேன். "நீங்கள் கரைவாசியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கரைவாசிகள் முதலில் பேசுவார்கள், மற்றவர்களுக்கு நேரம் இருந்தால் பார்க்கலாம் என்றார். "கடற்கரைவாசி" என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, என் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன்.

4

கயல் அந்த வாரம் முழுவதும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கடமையைச் செய்ததால் தன் அம்மாவின் படம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது என்பது அவளைக் குடைந்தது. ஆனால் அவள் என்னிடம் தமிழில் பேசாமல் போனதற்கு வேறு கதை உண்டு. சின்ன வயதில் வூடு, கீது, இன்னாமா என்று எங்கள் வீட்டுப் பேச்சைத்தான் பேசினாள். அழகாகப் பேசுவாள். வாரம் ஒரு நாள் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். அங்கே ஒரு அம்மையார், "இப்படிப் பேசக் கூடாது, இது கொச்சை" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் திருத்திவிட்டார். பிள்ளைகள் சிரித்தன. அன்றோடு அவள் தமிழில் வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. அந்த அம்மையார் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

வியாழக்கிழமை அவளே வந்து, "ஒன்று காட்டணும்" என்றாள். ஆங்கிலத்தில்தான். காய்ந்து கிடந்த படகை இறக்கினோம். அடியில் கண்ணாடி பதித்த ஒரு வாளி வைத்திருந்தாள். அதைத் தண்ணீரில் அழுத்திக் குனிந்து பார்த்தால் ஏரியின் தரை தெரியும்.

முதலில் படகுத்துறைக்குப் பக்கத்தில் பார்த்தோம். மணல், ரிப்பன் போல நீண்ட இலைகள், நடுவில் சின்ன மீன்கள். அந்த இலைச்செடிகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கின்றன. குஞ்சு மீன் ஒளிய இடம் இருக்கிறது, பெரிய மீன் துரத்தவும் இடம் இருக்கிறது. பிறகு ஏரியின் எதிர்ப்பக்கம் போனோம், ஹெரால்ட் வீடு இருக்கும் வளைவுக்கு. வாளியில் முகத்தை வைத்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே பச்சை. மெத்தை போல, ஆள் உயரத்துக்கு, இடுக்கே இல்லாமல். துடுப்பை விட்டால் தரை தட்டவில்லை. இலைச்செடி ஒன்றுகூட இல்லை. கீழே அமுங்கிச் செத்திருக்கும்.

"போன வருஷம் ஜூனிலேயே இங்கே மீன் கூடு குறைந்துபோயிருந்தது" என்றாள் கயல். இந்த ஏரி மீன்கள் வாலால் மணலை ஒதுக்கி, தட்டு அளவில் வட்டம் போட்டு, அதில்தான் முட்டையிடும். ஆண் மீன் அந்த வட்டத்தைக் காவல் காக்கும். "இந்த ஜூனில் வட்டமே இல்லை. மணலே தெரியாதபோது எங்கே போடும்?"

"அப்போ இது போன வருஷமே கீது."

"அதுக்கும் முன்னாலிருந்து, அம்மா. இந்த அளவு வளர ரொம்ப நாள் ஆகும்."

யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றாள். யாராவது வேறு ஏரியிலிருந்து பழைய மிதவைப்பலகை வாங்கி வந்திருக்கலாம். படகு தூக்கும் சாமானில் ஒட்டி வந்திருக்கலாம். நங்கூரக் கயிற்றில் வந்திருக்கலாம். கரைவாசிகள் தங்கள் வாசலில் இறக்கும் சாமான்களை யாரும் சோதிப்பதில்லை. செம்பு மருந்து அடித்தால் மேலே இருப்பது கருகும், சேற்றில் இருக்கும் நட்சத்திரம் பிழைத்து மறுபடி முளைக்கும். கையால் பிடுங்கலாம், ஆனால் ஒடியாமல், கீழே உள்ள நட்சத்திரத்தோடு, வலைப்பைக்குள் போட்டு, வருடா வருடம். அதற்கு ஆட்கள் வேண்டும், நிறைய ஆட்கள்.

5

வெள்ளிக்கிழமை எண்ணூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். எங்கள் குப்பத்து அம்மனுக்கு ஆடிக் கூழ். வருடம் தவறாமல் அன்றைக்குக் கூப்பிடுவான். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"இன்னா தங்கச்சி, எப்டி கீற? கயலு இன்னா பண்ணுது?"

"அவ என்னையே செக் பண்றாண்ணா. நீ சொல்லு. ஆத்துல எறா கீதா?"

"எறாவா? காக்கா ஆழிதான் கீது. சேறு பூரா மூடிக்கினு கீது. கால வச்சா கிழிக்குது. எறா எங்க பூந்து குந்தும்?"

காக்கா ஆழி என்பது எங்கேயோ இருந்து வந்த ஒருவகைச் சிப்பி. அதுவும் கப்பல் தண்ணீரில்தான் வந்தது என்று அங்கேயும் பேச்சு. முந்தைய நாள் கண்ணாடி வாளியில் நான் பார்த்ததை அண்ணனிடம் சொன்னேன். படகுத்துறையைப் பூட்டப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"அங்கியும் வயிய அடைக்கிறானுங்களா?" என்றான். "நீ இன்னா, சும்மா குந்திக்கினு கீறியா?"

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும்போது இந்த இடத்தில் ஒரு வசதியான ஒப்பீடு வந்து நிற்கும். கடல் தாண்டி வந்த பாசி, கடல் தாண்டி வந்த நாம். பிறந்த தண்ணீரில் சில இடங்களில் இந்தப் பாசி அருகிப்போய்க் காப்பாற்றப்படுகிறதாம், வந்த இடத்தில் வில்லன். எழுதினால் கைதட்டல் கிடைக்கும். நான் எழுத மாட்டேன். நான் பாசி இல்லை. பாசிக்காக இரக்கப்படவும் எனக்கு நேரமில்லை. அது எங்கிருந்தோ வந்ததால் அதைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஓரங்குலம் மணல்கூட விடாமல் மூடுகிறது, அதனால் பிடுங்குகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏரி முழுவதற்கும் சாவி கேட்பவர் யார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

போனை வைக்கும் முன் அண்ணன், "நாளிக்கு நம்ம பாடு. காலீல போவணும்" என்றான். பாடு என்றால் முறை. எங்கள் ஆற்றில் நல்ல மடை, அதாவது வலை கட்ட நல்ல இடம், எல்லோருக்கும் வேண்டும், ஆனால் ஒரே நாளில் எல்லோரும் வலை கட்ட முடியாது. அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். பணக்காரன், ஏழை, ஊர்ப் பெரியவர் எல்லோருக்கும் ஒரே சீட்டு. முறைக்கு வராதவனுக்கு மடை கிடையாது. எதுவும் எங்களுக்கு ஒழுங்காக மிஞ்சவில்லை, பாடு மட்டும் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அன்றிரவு சோறு வடிக்கும்போது அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

6

கூட்டத்தில் ஹெரால்ட்தான் முதலில் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு அந்த வளைவில் மீன் பிடித்ததைச் சொன்னபோது குரல் உடைந்தது. பிறகு என் வாளியின் படத்தைத் திரையில் போட்டார். "நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஆபத்து இந்த வாசல் வழியாக வருகிறது" என்றார். பலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் மிச்சமிருந்தது. என் பெயரைக் கொலை செய்து கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி முன்னால் போனேன். வீட்டில் சொல்லிப் பார்த்த ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து தமிழில் ஒரு குரல் கேட்டது.

"பேசுமா. இன்னா இப்ப? சும்மா பேசு."

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கயல் வாயில் அந்த 'இன்னா'. எனக்கு எல்லாம் திரும்பி வந்தது.

"அந்த வாளி என்னுடையது" என்றேன். "என் ஊரில் அதுதான் சரியான முறை. இங்கே தவறு. இப்போது தெரியும், இனி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பாசி உங்கள் ஏரிக்குள் போகவில்லை. வாசலில் பிடிபட்டது. ஏரிக்குள் இருக்கும் பாசி வேறு வழியில், பல வருடம் முன்பே வந்துவிட்டது. வளைவில் போய்ப் பாருங்கள், கண்ணாடி வாளி தருகிறேன். அதைப் பூட்டு பிடுங்காது. ஆள்தான் பிடுங்க வேண்டும். ஆட்களை வெளியே பூட்டிவிட்டு யாரை வைத்துப் பிடுங்குவீர்கள்?"

பிறகு பாடு பற்றிச் சொன்னேன். சீட்டுப் போடுங்கள். கரைவாசி, வாடகைக்காரர், பக்கத்து ஊர்க்காரர் யாராக இருந்தாலும் ஏரியில் படகு இறக்க வேண்டுமென்றால் முறை வரும்போது வாசலில் நின்று படகுகளைச் சோதிக்க வேண்டும், அல்லது வளைவில் இறங்கிப் பாசி பிடுங்க வேண்டும். முறைக்கு வராதவர் படகு இறக்க வேண்டாம். கரைவாசியின் சாமானுக்கும் சோதனை உண்டு. இலக்கணம் எங்கெங்கோ போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹெரால்ட் கையைத் தூக்கி, நல்ல மனதுள்ளவர்கள் சோதித்தாலும் பாசி தப்பிப்போகாதா, தங்கள் உறவினர்களை விட்டுவிட மாட்டார்களா என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன் கயல் ஆரஞ்சுச் சட்டையோடு எழுந்தாள்.

"நான் என் அம்மாவையே திருப்பி அனுப்பினேன்" என்றாள். "படம் உங்களிடம்தான் இருக்கிறது."

யாரோ சிரித்தார்கள், பிறகு பலர். ஹெரால்டும் கொஞ்சம் சிரித்தார். வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பூட்டு தள்ளிப்போனது. அடுத்த கோடை முடியும்வரை பாடு. அது நடக்காவிட்டால் பூட்டு. லாவோஸ் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரிந்திருக்குமா தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறியதும், "பேப்பர நிறுத்துனா பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

7

சீட்டில் முதல் சனிக்கிழமை எனக்கு விழுந்தது. கயலுக்கு அன்று விடுமுறை. அவளுடைய ஆரஞ்சுச் சட்டை எனக்குத் தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

ஹெரால்ட் முன்னதாகவே வந்துவிட்டார். வழக்கமாகத் தன் வாசலிலேயே படகைக் கட்டி வைத்திருப்பவர், பழுதுபார்க்க வெளியூர் அனுப்பித் திரும்பக் கொண்டுவருகிறார். பின்னால் நாலைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. "காலை வணக்கம். கழுவித்தான் கொண்டுவந்தேன்" என்றார். நானும் வணக்கம் சொன்னேன். படகைச் சுற்றி வந்தேன். அடிப்பக்கம் பார்த்தேன். நங்கூரக் கயிற்றை விரலால் உருவிப் பார்த்தேன். தொழிற்சாலையில் பார்ப்பதைவிட நிதானமாகப் பார்த்தேன். மோட்டார் விசிறிக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சைச் சரம் சுற்றிக்கொண்டிருந்தது, இன்னும் ஈரமாக.

அதை எடுத்து உள்ளங்கையில் விரித்து அவருக்குக் காட்டினேன். நட்சத்திரம் இல்லை. ஆனாலும் ஒரு துண்டு போதும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். ஹெரால்ட் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். நான் கைபேசியை எடுக்கவில்லை.

"சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்" என்றேன். "நல்லாக் காயணும். காய்ந்த பிறகு வாருங்கள். வழி திறந்துதான் இருக்கும்."

அவர் வண்டியைத் திருப்பினார்.